காபி வண்டிக்குச் சக்கரம் தேடிய கதை

வாக்கர் பிடித்து நடப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நம் வீட்டில் ஒருவருக்கு அது வரும்வரை நமக்குத் தெரியாது. இரண்டு கையும் வாக்கரைப் பிடித்திருப்பதால், நடக்க முடிந்தாலும் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட எடுத்துக்கொண்டு நடக்க முடியாது.

என் மனைவிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனது. இப்போது வாக்கரோடு வீடு முழுக்க நடக்கிறாள். அடுப்படியில் நின்று டிகாஷன் போட்டு, பால் காய்ச்சி, காபியும் கலந்துவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் சிக்கல். "என்னங்க, இதக் கொண்டாந்து வெச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட வேண்டும். நான் இருந்தால் கொண்டுபோய் வைப்பேன், அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நான் பேங்குக்கோ, மருந்துக்கடைக்கோ போயிருக்கும்போது, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடியே குடித்து முடித்துவிடுகிறாள். நாற்பது வருஷத்துக்கு மேலாக முற்றத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து குடித்தவள். கூப்பிடுவதும் பிடிக்கவில்லை, நின்று குடிப்பதும் பிடிக்கவில்லை. வாயால் சொல்லமாட்டாள்.

வாக்கரிலேயே ஒரு பை மாட்டலாமே என்பீர்கள். மாட்டியிருக்கிறோம். அதில் மாத்திரை, கண்ணாடி, கைபேசி எல்லாம் போகும். ஒவ்வோர் அடிக்கும் வாக்கரைத் தூக்கித் தூக்கி வைக்கிறவர்கள், கொதிக்கும் காபியை அதில் எப்படிக் கொண்டுபோவது? சக்கரம் வைத்த தள்ளுவண்டியை வாக்கருக்குப் பதில் பிடிக்கச் சொன்னார் ஒருவர். அது முன்னால் ஓடிவிட்டால் இவள் கீழே விழுவாள். வேண்டாம் என்றேன்.

பொறியியல் இரண்டாம் வருஷம் படிக்கிற என் பேத்தி ஒரு சனிக்கிழமை வந்தபோது இதைப் பார்த்தாள். "தாத்தா, தானா ஓடற ஒரு வண்டி பண்ணிடலாம். தரையில ஒரு கோடு ஒட்டினா அதப் பார்த்துக்கிட்டே போகும். சர்க்யூட், புரோகிராம் எல்லாம் நான் பார்த்துக்கறேன். மோட்டார், சக்கரம், பாடி எல்லாம் நீங்க செலக்ட் பண்ணுங்க" என்றாள். எங்கள் வீட்டுத் தரை பழைய சிவப்பு ஆக்சைடு தரை. அதன்மேல் வெள்ளை டேப் ஒட்டினால் எந்தக் கண்ணுக்கும் தெரியும், வண்டியின் கண்ணுக்கும் தெரியும். கோடு பார்க்கும் கதையை அவளே ஒருநாள் எழுதட்டும். என் பங்கு இரும்பும் ரப்பரும்தான்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். அதில் பாதிக்காலம் கொள்முதல் பிரிவு. மேசை, நாற்காலி, தண்ணீர் மோட்டார் என்று நான் கண்ணால் பார்த்தே இராத சாமான்களுக்கெல்லாம் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டிருக்கிறேன். அதற்கும் முன்னால், பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் காதில் விழுந்த ஒரு சொல் என்னை விட்டுப் போனதே இல்லை: கயே தெ ஷார்ஜ். ஒரு பொருளைச் செய்வதற்கு முன்னால், அது என்னென்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று எழுதிவைக்கும் தாள்கட்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் "பாரங்களின் நோட்டுப் புத்தகம்". புதுச்சேரிப் பழைய ஆட்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நானும் ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் எழுதினேன்.

ஒரு டவரா டம்ளர், ஒரு சின்னத் தட்டு, ஒரு தண்ணீர் சொம்பு இவற்றைச் சுமக்க வேண்டும். தட்டு தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் அவள் குனியக் கூடாது. அடுப்படியிலிருந்து முற்றத்து நாற்காலிவரை 7 மீட்டர். வழியில் அடுப்படி வாசலில் 12 மில்லிமீட்டர் மேடு ஒன்று. அவள் நடக்கிற வேகத்தைவிட வேகமாகப் போகக் கூடாது. நின்றுபோனால் அவளே ஒரு கையால் ஒதுக்கித் தள்ள முடிய வேண்டும். இந்தக் கடைசி வரியைச் சொன்னவள் அவள்தான். "நடுவழியில செத்துப்போய் நின்னா நான் எப்படித் தாண்டிப் போவேன்?" என்றாள். அந்த ஒரு கேள்வி ஒரு மோட்டார் வகையையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த 12 மில்லிமீட்டர் மேடு. பழைய மரநிலையின் கீழ்க்கட்டையை வாக்கர் வந்தபோதே எடுத்துவிட்டோம். ஆனால் அடுப்படி கழுவுகிற தண்ணீர் கூடத்துக்கு வராமலிருக்க கொத்தனார் ஒரு சின்ன சிமெண்டு வரம்பு விட்டிருந்தார். அரை அங்குலம்கூட நிறையாது. சின்னச் சக்கரத்துக்கு அது மலை. சக்கரத்தின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு உயரப் படி வந்தால், அந்தச் சக்கரத்தைப் பின்னாலிருந்து எவ்வளவு தள்ளினாலும் ஏறாது, முட்டிக்கொண்டு நிற்கும். அதைவிடக் குறைந்த படியாக இருந்தாலும் கணக்கு கடுமைதான். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சின்னச் சக்கரம் 12 மில்லிமீட்டர் படியை ஏற, அதன்மேல் இருக்கும் பாரத்தைப்போல ஒன்றரை மடங்குக்கும் அதிகமான விசையால் தள்ள வேண்டும். 10 சென்டிமீட்டர் சக்கரமானால் பாரத்தைவிடச் சற்றுக் குறைவாகப் போதும். 15 சென்டிமீட்டரானால் மூன்றில் இரண்டு பங்கு.

என் வண்டி சாமானோடு 10 கிலோ வரும் என்று வைத்துக்கொண்டேன். மோட்டார் பூட்டிய முன்சக்கரங்கள்மேல் 6 கிலோ, பின்னால் சும்மா உருளும் சின்னச் சக்கரங்கள்மேல் 4 கிலோ. அந்தப் பின்சக்கரங்கள் மேடேற ஆறரைக் கிலோ தள்ளு வேண்டும். முன்சக்கரத்து ரப்பர் தரையைப் பற்றிக்கொண்டு கொடுக்கக்கூடியதோ நாலு கிலோ சொச்சம். யானை பலமுள்ள மோட்டார் போட்டாலும் டயர்தான் வழுக்கிச் சுற்றும், வண்டி நகராது. இதைப் பேத்தியிடம் காட்டியபோது, "அப்ப பெரிய மோட்டார் வேஸ்ட்டா தாத்தா?" என்றாள். ஆமாம், இந்த இடத்தில் வேஸ்ட்.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். வரம்பின் உயரத்தைத் தொடாமல், இரண்டு பக்கமும் 12 சென்டிமீட்டர் தூரத்துக்குச் சரிவாகப் பூசச் சொன்னேன். ஒரு சட்டி கலவை, அரைமணி நேர வேலை. தண்ணீரும் இந்தப் பக்கம் வராது, வண்டியும் ஏறும், வாக்கரின் காலும் இடறாது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் 10 கிலோ வண்டி ஏற 1 கிலோ தள்ளுதான் கூடுதலாக வேண்டும். அந்த ஒரு சட்டி கலவையால் மோட்டார் விலை பாதியாகிவிட்டது.

அடுத்து டயர். தரை வழுவழுவென்று இருக்கும். எழுபதுகளில் போட்டது, தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கலாம். பொம்மைக் காரில் வரும் கெட்டி பிளாஸ்டிக் சக்கரம் ஒன்றையும், ரப்பர் பட்டை போட்ட சக்கரம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தேன். சக்கரம் உருளாமல் கம்பியால் கட்டி, அதன்மேல் ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தை வைத்து, மீன் எடைபோடும் ஸ்பிரிங் தராசால் தரையில் இழுத்தேன். பிளாஸ்டிக் 250 கிராமிலேயே வழுக்கியது. ரப்பர் 700 கிராம்வரை பிடித்தது. வீட்டம்மா நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பருப்ப எண்ணெய்த் தரையில உருட்டாதீங்க" என்றதோடு சரி.

10 சென்டிமீட்டர் விட்டம், 2 சென்டிமீட்டர் அகலம், ரப்பர் பட்டை: முன்சக்கரம் இப்படி முடிவாயிற்று. இதைவிட அகலமான டயர் கடையில் கம்பீரமாகத்தான் இருந்தது. வண்டி திரும்பும்போது அகல டயர் தரையைத் தேய்த்துக்கொண்டு மல்லுக்கட்டும். நமக்குக் கம்பீரம் தேவையில்லை.

இனி மோட்டார். வாக்கரோடு அவள் அந்த 7 மீட்டரை நடக்க எவ்வளவு நேரமாகிறது என்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். சொல்லாமல்தான் பார்த்தேன், சொன்னால் வேகமாக நடப்பாள். 40 விநாடி. அதாவது விநாடிக்கு பதினேழரை சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் சக்கரம் ஒரு சுற்றுக்கு 31.4 சென்டிமீட்டர் போகும். ஆகவே நிமிடத்துக்கு 33 சுற்று போதும். கடைக்காரப் பையன் எடுத்து நீட்டியது 300 சுற்று மோட்டார். "சார், ரோபோ பண்றவங்க எல்லாரும் இதத்தான் வாங்கறாங்க" என்றான். நல்ல பையன், ஆனால் 300 சுற்று என்றால் விநாடிக்கு ஒன்றரை மீட்டருக்குமேல். நான் காலையில் கடற்கரையில் நடப்பதைவிட வேகம். அந்த வேகத்தில் காபி வரவேண்டாம், நாங்கள் காத்திருப்போம்.

30, 60, 100 சுற்று வகைகளில் 60 எடுத்தேன். பெட்டிமேல் போட்டிருப்பது பாரமே இல்லாமல் சுற்றும் கணக்கு. பாரம் ஏறினால் குறையும், பேட்டரி இறங்கினால் இன்னும் குறையும். கூடுதலாக இருப்பதை பேத்தியின் சர்க்யூட் அடக்கிக்கொள்ளும். இல்லாததைச் சர்க்யூட்டால் உண்டாக்க முடியாது.

வேகத்துக்கு அடுத்தபடி பலம், முறுக்குவிசை என்கிறார்களே அது. திருகையில் அரைத்த வீடுகளுக்கு இது எளிதில் புரியும். கைப்பிடி நடு முளையிலிருந்து தள்ளி இருப்பதால்தான் கல் சுற்றுகிறது, முளைக்குப் பக்கத்தில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். மோட்டார் பெட்டியில் "கிலோ சென்டிமீட்டர்" என்று போட்டிருப்பதும் இந்தக் கணக்குதான்: அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி எத்தனை கிலோவைத் தூக்கும் என்பது. பிரெஞ்சில் இதற்குப் பெயர் கூப்ள். தம்பதிக்கும் அதே சொல். எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இரண்டு சம விசைகள் சேர்ந்து ஒரு பொருளைச் சுற்றவைப்பதால் வந்த பெயர். வீட்டம்மாவிடம் சொன்னேன். "எதிரெதிரா இழுக்கறதுன்னா சரிதான்" என்றாள்.

சரிவுக்கு 1 கிலோ, உருளும் தடைக்கு அரைக்கிலோவுக்குக் குறைவு; ஆக ஒன்றரைக் கிலோ என்றே வையுங்கள். சக்கர ஆரம் 5 சென்டிமீட்டரால் பெருக்கினால் ஏழரை. இரண்டு மோட்டார், ஆளுக்கு நாலுக்குக் கொஞ்சம் குறைவு. மூச்சு முட்ட ஓடுகிற மோட்டார் சூடாகிச் சீக்கிரம் கெடும் என்பதால் 10 கிலோ சென்டிமீட்டர் தருகிற மோட்டாராகப் பார்த்தேன்.

இங்கேதான் வீட்டம்மாவின் கேள்வி வந்து நின்றது. என் கண் முதலில் போனது கார் வைப்பர் மோட்டார்மேல். பழைய சாமான் கடையில் மலிவு, பலமோ பலம். ஆனால் அதற்குள் இருப்பது புழுச்சக்கரம், வொர்ம் கியர். மோட்டார் சுற்றினால் சக்கரம் சுற்றும், சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினால் மோட்டார் சுற்றாது, பூட்டுப் போட்டதுபோல நிற்கும். லிஃப்டுக்கு அது நல்ல குணம். பேட்டரி தீர்ந்து நடையில் நிற்கும் 10 கிலோ வண்டியை, வாக்கரில் ஒரு கையை ஊன்றி நிற்கும் பெண்பிள்ளை ஒதுக்கவேண்டுமென்றால் அது ஆபத்து. அடித்துவிட்டேன்.

மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வரும் பி.ஓ. மோட்டார் பள்ளிப் பிள்ளைகளின் பொம்மை வண்டிக்குப் பரவாயில்லை. உள்ளே பல்லெல்லாம் பிளாஸ்டிக், இந்தப் பாரத்துக்கு ஆகாது. கடைசியில் நின்றது ஜான்சன் மோட்டார் என்று கடைகளில் சொல்லும் வகை: 12 வோல்ட், உலோகப் பல்சக்கரங்கள், 6 மில்லிமீட்டர் அச்சு. கரண்ட் இல்லாதபோது கையால் தள்ளினால் கறகறவென்று முனகிக்கொண்டே நகரும். கடையிலேயே சக்கரத்தை மாட்டச் சொல்லி, தரையில் வைத்து ஒரு கையால் தள்ளிப் பார்த்தேன். அப்புறம் அச்சைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகி, பல்லுக்குப் பல் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பார்த்தேன். நம் மெக்கானிக்குகள் இதைப் "பிளே" என்பார்கள். பிரெஞ்சிலும் இதற்கு விளையாட்டு என்கிற சொல்தான். ஆறு மோட்டாரைத் திருகிப் பார்த்து, ஒரே மாதிரி ஆடுகிற இரண்டை எடுத்தேன். ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருந்தால் வண்டி கோட்டை விட்டு இழுத்துக்கொண்டே போகும். அச்சு ஒரு பக்கம் தட்டையாகச் சீவிய டி வடிவம்; சக்கரத்தின் கிரப் ஸ்குரூ அந்தத் தட்டை முகத்தில் சரியாக உட்கார வேண்டும், வளைவில் உட்கார்ந்தால் நாலு நாளில் சக்கரம் தனியாகச் சுற்றும்.

பின்சக்கரம்தான் என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது. மூன்று சக்கரம் என்றால் முக்காலிபோல எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும். எங்கள் தரை வழுவழுப்பே தவிர மட்டம் கிடையாது. நான்கு சக்கரம் போட்டால் கால் குட்டையான ஸ்டூல்போல ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கும். தூக்கியது மோட்டார் சக்கரமானால் வண்டி திசை மாறும். மூன்றுதான் சரி என்றால், தட்டு 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறதே! மூன்று சக்கர வண்டி மூலைப் பக்கம் சீக்கிரம் சாயும். அவள் சொம்பை எடுக்கும்போது தவறிப்போய் தட்டின் ஓரத்தில் கை ஊன்றினால் என்ன ஆகும்? எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் நினைத்தது இதைத்தான்.

விடை பாகூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கிடைத்தது. வரப்போரம் டிராக்டர் ஒன்று நின்றது. முன் சக்கரம் ஒன்று மேட்டில், ஒன்று பள்ளத்தில். நான்கும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தேன். முன் அச்சு நடுவில் ஒரே ஒரு முளையில் தொங்குகிறது, தராசுக்கோல் மாதிரி. தரைக்கேற்ப அது ஆடும். ஓரளவுக்குமேல் ஆடாமல் தடுப்பும் உண்டு. வேட்டியோடு டிராக்டருக்கு அடியில் குனிந்து கிடந்தவனை மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள்.

அதையே செய்தேன். பின்னால் ஒரு மரச்சட்டம், அதன் இரண்டு முனையிலும் 5 சென்டிமீட்டர் திரும்பு சக்கரம், நடுவில் 10 மில்லிமீட்டர் போல்ட். இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை. சில டிகிரி ஆடியதும் சட்டம் அதில் முட்டி நிற்கும், அதற்குப்பின் வண்டி நான்கு கால் மேசை மாதிரிதான். பால் காஸ்டர் என்று இரும்புக் குண்டு வைத்த சக்கரமும் கிடைக்கிறது. பூ தொடுக்கிற நாரும் தலைமுடியும் விழுகிற வீட்டில் அது ஒரு வாரத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் பேத்திக்கும் எனக்கும் வாக்குவாதம். அவளுக்கு லித்தியம் வேண்டும், எடை குறைவாம். எனக்கு எடைதான் வேண்டும். யு.பி.எஸ். பெட்டியில் வருகிற 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இரண்டு கிலோவுக்குமேல் இருக்கும். அதை அடித்தட்டில், தரையோடு தரையாகப் பூட்டினால் உயரத்தில் இருக்கிற சொம்புக்கு அது எதிர்எடை. தெருமுனைக் கடையிலேயே மாற்றும் கிடைக்கும். சரி என்றாள், பாதி மனசோடு. உடம்புக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட். தச்சரிடம் மிச்சத் துண்டாக வாங்கியது. அக்ரிலிக் பளபளப்பு, துளை போட்ட இடத்தில் கீறல் விடும்.

டம்ளரை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. இரண்டு மோட்டார் சக்கரங்களுக்கு நடுவில், அச்சுக்கு நேர்மேலே வைத்தால், வண்டி திரும்பும்போது டம்ளர் நின்ற இடத்திலேயே சுற்றும், வீசியடிக்கப்படாது. தட்டில் அந்த இடத்தில் தச்சர் ஒரு வட்டப் பள்ளம் கடைந்து கொடுத்தார், டவரா உட்காரும் அளவுக்கு.

போன ஞாயிறு முதல் ஓட்டம். முதலில் தண்ணீர், மூன்று தடவை. அப்புறம் காபி. சரிவில் ஏறும்போது டம்ளர் விளிம்புவரை வந்து உள்ளேயே போனது. வீட்டம்மா வாக்கரோடு அதற்குப் பின்னாலேயே நடந்தாள், எங்களைப் பார்க்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "சூடு இருக்கு" என்றாள். பேத்தி வண்டியை அணைத்தாள். நான் கேட்காமலேயே அவள் ஒரு கையால் அதைத் தள்ளிப் பார்த்தாள். கறகறவென்று நகர்ந்தது.

இன்னும் மீதி இருக்கிறது. பிளைவுட் மூலைகள் வாக்கரின் காலில் பட்டால் மெத்தென்று இருக்க வேண்டும். அதற்குப் பழைய சைக்கிள் டியூபை நீளவாட்டில் கிழித்துச் சுற்றலாம் என்றிருக்கிறேன். வரும் ஞாயிறு காந்தி வீதிச் சந்தையில் பார்க்க வேண்டும். நிறம் பற்றியும் உத்தரவு வந்திருக்கிறது, பச்சை கூடாதாம்.